ஐன்ட்ஹோவன், கெனெப்பர் பார்க் பக்கம் வாடகை வீடு: 1,480 யூரோ, 'கால்', லேபிள் ஈ. எடுக்கலாமா?

நீலவானம்

வணக்கம். நெதர்லாந்தில், ஐன்ட்ஹோவன் தெற்கே, கெனெப்பர் பார்க் ஓரமாக ஒரு வரிசை வீடு பார்க்கப் போகிறோம். கணவன், மனைவி, நான்கு வயதுக் குழந்தை. விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: 1936இல் கட்டியது, 84 சதுர மீட்டர், மூன்று படுக்கையறை, பின்னால் வடக்கு பார்த்த தோட்டம், எனர்ஜி லேபிள் ஈ, 'கால்' (வெறும் வீடு). வாடகை 1,480 யூரோ, போர்க் (முன்பணம்) இரண்டு மாதம், "ஒப்பந்தச் செலவு" 350 யூரோ, ஒப்பந்தம் 24 மாதத்துக்கு மட்டும்.

தெரு ரொம்ப அமைதி, இரு பக்கமும் பெரிய ஓக் மரங்கள். மாகெலார் (வீட்டுத் தரகர்) வெள்ளிக்கிழமை 15 நிமிடம் நேரம் கொடுத்திருக்கிறார்.

1. இந்தப் பண விவரங்கள் சரிதானா?
2. அந்த 15 நிமிடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
3. 'கால்' வீடு என்றால் கையிலிருந்து என்னென்ன செலவு வரும்?

சைக்கிள்காரன்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா அந்த விளம்பரத்துல ரெண்டு இடம் இடிக்குது.

350 யூரோ "ஒப்பந்தச் செலவு": அந்த மாகெலார் வீட்டுக்காரருக்காக வேலை செய்யறவர்னா உங்ககிட்ட தரகு வாங்கவே கூடாது. அதுக்கு நிர்வாகச் செலவுன்னு பேர் வெச்சாலும் சரி, பதிவுக் கட்டணம்னு வெச்சாலும் சரி. நீங்களே தனியா ஒரு மாகெலாரை அமர்த்தித் தேடச் சொன்னா அது வேற கணக்கு, அவருக்குக் கொடுத்துத்தான் ஆகணும். இங்க அப்படி இல்லையே.

24 மாதம்: 2024 ஜூலை 1க்கு அப்புறம் போடற ஒப்பந்தம் பொதுவா காலவரையறை இல்லாததாத்தான் இருக்கணும். வெளியூர்ல இருந்து வந்து படிக்கற மாணவர், கொஞ்ச காலம் வெளிநாடு போய்த் திரும்பி வரப்போற வீட்டுக்காரர் மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. அதனால "எந்த விதிவிலக்குல 24 மாதம்?"னு ஈமெயில்ல கேளுங்க. வீட்டுக்காரர் திரும்பி வருவார்னா அந்த ஷரத்து ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கணும். 'குறைஞ்சது 12 மாதம் இருக்கணும்'னு ஒரு வரி வந்தா அது வேற விஷயம், அதைப் போடலாம். அதுக்கு அப்புறம் நீங்க காலி பண்ண ஒரு மாத நோட்டீஸ் போதும்.

போர்க் ரெண்டு மாதம் சரி, அதுதான் உச்சவரம்பு, அதுவும் அடிப்படை வாடகைக்கு மட்டும். சாவி வாங்கற நாள்ல 2,960 போர்க், 1,480 முதல் மாத வாடகை, மொத்தம் 4,440. அதுக்கு மேல ஒரு சென்ட் கேட்டாலும் எதுக்குன்னு எழுத்துல வாங்குங்க.

மாதச் சம்பளம் வரி பிடிக்கறதுக்கு முன்னாடி வாடகையை விட மூணு மடங்குக்குக் குறையாம எதிர்பார்ப்பாங்க, சில இடத்துல மூணரை, நாலு. ரெண்டு பேர் சம்பளத்தையும் முழுசா சேர்ப்பாங்களான்னு போறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. கடைசி மூணு சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வேலை கொடுக்கறவர் தர 'வெர்க்கேவர்ஸ்வெர்க்ளாரிங்' (வேலை, சம்பளச் சான்று), மூணையும் ஒரே பி.டி.எஃப்பா வெச்சுக்குங்க. வீடு பார்த்த அன்னிக்கே அனுப்பறவங்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்குது. பாஸ்போர்ட் நகல்ல பி.எஸ்.என். (உங்க அரசு அடையாள எண்) தெரியக் கூடாது. அரசாங்கத்தோட 'கோப்பி ஐடி' ஆப்புல அதை மறைச்சு, யாருக்கு, எதுக்குன்னு மேலேயே எழுதி அனுப்புங்க.

டொம்மெல்கரை

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,480 என்ற வாடகையையே கேள்வி கேட்க முடியும்.

2024 ஜூலை 1 முதல் புள்ளிக் கணக்கு (வீட்டின் அளவு, வசதிக்குப் புள்ளி போட்டு உச்ச வாடகையை வரையறுக்கும் முறை) நடுத்தர வாடகைக்கும் பொருந்துகிறது. 187 புள்ளியும் அதற்கு மேலும் இருந்தால்தான் வீட்டுக்காரர் தன் விருப்பப்படி வாடகை வைக்கலாம். 186இலோ அதற்குக் கீழோ நின்றால், 2025 அட்டவணையில் உச்சம் மாதம் 1,184.82 யூரோவாக இருந்தது. அப்படியானால் உங்கள் விளம்பரத்தில் கிட்டத்தட்ட 295 யூரோ கூடுதல்.

அறைகளின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1 புள்ளி, ஸ்கூர் (தோட்டக் கொட்டகை) போன்ற மற்ற இடங்களுக்கு 0.75. அதோடு சமையலறை, குளியலறை, தோட்டம், லேபிள், வீட்டின் வோஸ் மதிப்பு (நகராட்சி கணிக்கும் வீட்டு விலை) எல்லாம் சேரும். லேபிள் மோசமாக இருந்தால் புள்ளி இறங்கும். இந்த மாதிரிப் பழைய வீடு பெரும்பாலும் வோஸ் மதிப்பால்தான் மேலே ஏறும், ஏனென்றால் பசுமையான தெருவில் வோஸ் அதிகம். மரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொத்தம் 187ஐத் தாண்டும் இடத்தில் வோஸ் பங்கு 33 சதவீதத்தை மீறக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. வீட்டுக்காரர்கள் கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது அதுதான்.

முகவரி கையில் இருந்தால் வோஸ் மதிப்பை 'வோஸ் வார்டெலோக்கெட்' தளத்திலும் லேபிளை 'ஈபி ஆன்லைன்' தளத்திலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த எண்களை, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் ஹூர்கொமிசியின் வாடகைச் சோதனைப் பக்கத்தில் போட்டால் உத்தேசமான புள்ளி வந்துவிடும். 2025 ஜனவரி 1 முதல் புதிய ஒப்பந்தத்தோடு வீட்டுக்காரரே புள்ளிக் கணக்கை இணைக்க வேண்டும். அதைக் கேளுங்கள். "அதெல்லாம் ஃப்ரீ செக்டர், வாடகை வரம்பு இல்லை" என்று வாயால் மட்டும் சொன்னால் போதாது.

கணக்கு தப்பு என்று தெரிந்தாலும் சண்டை இப்போது வேண்டாம், வீடு கை நழுவிவிடும். கையெழுத்துப் போட்டுக் குடிவந்த பிறகு, ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஹூர்கொமிசிக்கு எழுதுங்கள். கட்டணம் 25 யூரோ, ஜெயித்தால் திரும்பி வரும், வாடகையும் முதல் நாளிலிருந்தே இறங்கும். காலவரையறையற்ற ஒப்பந்தம் என்றால் இதற்காக வெளியேற்ற முடியாது. 24 மாத விஷயத்தை முதலில் நேர்செய்யச் சொல்வது அதனால்தான்.

செங்கல்வீடு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 15 நிமிடத்தில் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 1936 வீட்டில் பார்க்க வேண்டியது ஈரமும் குளிரும்தான்.

உள்ளே நுழைந்ததும் வாசலுக்குப் பின்னால் தரையில் ஒரு மரப் பலகை மூடி இருக்கும், மிதியடிக்குக் கீழேகூட இருக்கலாம். அது தரைக்கு அடியில் இருக்கும் 'கிராய்ப்ரைம்ட' என்ற தாழ்ந்த இடத்துக்கு வழி. திறக்கலாமா என்று கேட்டுவிட்டு மோந்து பாருங்கள், டார்ச் அடியுங்கள். மணல் காய்ந்திருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கியிருந்தால், அல்லது மர உத்தரத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்திருந்தால், மேலே எவ்வளவு ஹீட்டர் போட்டாலும் கீழ்த்தளம் காயாது. டொம்மெல், டொங்கெல்ரேப் ஆற்றோரத் தாழ்வு நிலத்தில் இதைப் பார்க்காமல் வரவே கூடாது.

அடுத்து மாடிப் படுக்கையறையின் வெளிச்சுவர், முக்கியமாக வடக்குப் பக்க மூலை. கூரை ஓரத்தில் புதுப் பெயின்ட் ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று இருந்தால், கீழே பூஞ்சை இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பக்கத்துச் சுவரைவிடச் சில்லென்று இருக்கும்.

ஜன்னலுக்கு ஒரு எளிய சோதனை. செல்போன் விளக்கை ஏற்றிக் கண்ணாடி அருகே சாய்வாகப் பிடித்தால் விளக்கின் பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு கண்ணாடிக்கு இரண்டு பிம்பம் வீதம், இரட்டைக் கண்ணாடி என்றால் நான்கு. அந்த நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில், லேசான செம்மையோ ஊதாவோ காட்டினால் அது பூச்சுள்ள நல்ல கண்ணாடி, எச்.ஆர். வகை. நான்கும் ஒரே நிறம் என்றால் பழைய இரட்டைக் கண்ணாடி. இரண்டே பிம்பம் என்றால் ஒற்றைக் கண்ணாடி: குளிர்காலத்தில் காலையில் ஜன்னல் திட்டில் தண்ணீர் துடைக்க வேண்டியிருக்கும். கீழே மாற்றிவிட்டு மாடியில் ஒற்றையாக விட்டிருப்பார்கள், அதனால் ஒவ்வொரு அறையிலும் பாருங்கள்.

பிறகு சி.வி. கெட்டல், அதாவது வீட்டைச் சூடாக்கும் பாய்லர். சூடு போடாதபோது அழுத்த முள் 1.5க்கும் 2 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். 1க்குக் கீழே என்றால் எங்கோ கசிவு இருக்கலாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கடைசி சர்வீஸ் தேதி இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டல் வீட்டுக்காரருடையதா, வாடகைக் கெட்டலா என்று கேளுங்கள். வாடகைக் கெட்டல் என்றால் அந்த மாதத் தொகையை உங்கள் தலையில் கட்டும் ஒப்பந்தங்கள் உண்டு.

கடைசியாக மீட்டர் பெட்டி. பழைய வீடுகளில் ஒற்றை ஃபேஸ்தான் இருக்கும், மூன்று ஃபேஸ் இல்லாமல் போகலாம். இண்டக்ஷன் அடுப்பு போட நினைத்தால் அதற்கென்று தனி இணைப்பு, 'பெரிலெக்ஸ்' என்னும் ஐந்து முனை பிளக், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யார் செலவில் போடுவது என்பதைக் கையெழுத்துக்கு முன் பேசுங்கள். அடுப்பு மேல் உள்ள புகைபோக்கி வெளியே போகிறதா, கரி ஃபில்டர் வழியாக வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறதா என்பதும் நமக்கு முக்கியம். கரி ஃபில்டர் நம் தாளிப்புக்குத் தாங்காது, அடிக்கடி மாற்றினாலும் வாசனை திரையில் தங்கிவிடும்.

கடலோரம்

'கால்' பற்றி யாருமே சொல்லலியே. நம்ம 'காலி'ன்னு நினைவு வெச்சுக்குங்க, அர்த்தம் சரியா வரும். தரை விரிப்பு இல்ல, திரை இல்ல, விளக்கு இல்ல, மேலே வயர் மட்டும் தொங்கும். சில வீட்ல சுவர்ல வால்பேப்பர்கூட இருக்காது. 'ஹெஸ்டொஃபேர்ட்'னா தரை, திரை இருக்கும், ஃபர்னிச்சர் இருக்காது. 'ஹெமூபிலேர்ட்'னா ஃபர்னிச்சரோட.

84 மீட்டர்ல தரை போடற இடம் ஒரு 70 மீட்டர்னு வைங்க. வெட்டுச் சேதத்துக்கு 8 சதவீதம் சேர்த்தா 76 மீட்டர் லாமினேட், அதுக்கு அடியில விரிக்கற ஷீட். சுவர் ஓரமா சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடணும், இல்லன்னா கோடையில பலகை உப்பி நடுவுல மேல எழும்பிடும். அதை ஓரப் பட்டை மறைச்சுடும். பெட்டியை வாங்கினதும் பிரிக்காம அந்த அறையிலேயே ரெண்டு நாள் வெச்சிருந்து அப்புறம் போடுங்க.

முன்னாடி இருந்தவர் "தரையும் திரையும் விட்டுட்டுப் போறேன், இவ்வளவு குடுங்க"ன்னு கேட்கலாம், ஓவர்நாமேன்னு பேரு. எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. எடுத்தீங்கன்னா அது உங்க சொத்து, நீங்க போகும்போது பிடுங்கணும்னு வீட்டுக்காரர் சொல்லலாம். விட்டுட்டுப் போகலாம்ங்கற சம்மதத்தை இப்பவே எழுத்துல வாங்குங்க.

தோட்டம் வேற இருக்கு. புல் வெட்டறது, களை, வேலிச்செடி கத்தரிக்கறது, உடைஞ்ச டைல் மாத்தறது எல்லாம் குடியிருக்கறவர் வேலை. ஏணி வெச்சு எட்டற உயரத்துல இருக்கற கூரை வாய்க்கால்ல இலை எடுக்கறதும் அப்படித்தான். பெரிய ஓக் பக்கத்துல இருந்தா நவம்பர்ல அதை விட்டுடாதீங்க. வாய்க்கால் அடைச்சா தண்ணி சுவர்ல இறங்கும், செங்கல்வீடு சொன்ன மாடி மூலை ஈரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஓக்னு சொன்னதால ஒண்ணு: இந்த வட்டாரத்துல ஓக் ஊர்வலப் புழு உண்டு. மே கடைசியிலிருந்து ஜூலை வரைக்கும் அடிமரத்துல சிலந்திவலை மாதிரி கூடு தெரியும். அதோட முடி காத்துல பறந்து தோல்ல பட்டா பயங்கர அரிப்பு. குழந்தை இருக்கு, கூட்டைத் தொட விடாதீங்க, அந்த மாசத்துல மரத்தடியில துணி காயப்போடாதீங்க. தெரு மரம்னா கெமேன்ட்டேகிட்ட (நகராட்சி) சொன்னா எடுப்பாங்க. எரிச்சுடலாம்னு மட்டும் யாரும் இறங்க வேண்டாம், முடி இன்னும் பரவும்.

நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. 24 மாதம் பற்றி ஈமெயில் போட்டேன், "அது தவறுதலாக வந்துவிட்டது, காலவரையறையற்ற ஒப்பந்தம், குறைந்தது 12 மாதம்" என்று பதில் வந்தது. 350 பற்றி பதிலே இல்லை. இரண்டு கேள்வி மிச்சம். அமைதி என்பதை 15 நிமிடத்தில் எப்படி உறுதி செய்வது? சாவி வாங்கும் நாளில் எதைத் தவறவிடக் கூடாது?

டொம்மெல்கரை

350ஐ இன்னொரு முறை எழுத்தில் கேளுங்கள். விடாப்பிடியாக நின்றால் கெமேன்ட்டேயில் இதற்கென்றே புகார் மையம் இருக்கிறது.

சத்தத்துக்கு 'அட்லஸ் லேஃபோம்கேவிங்' என்ற அரசு வரைபடத்தில் முகவரியைப் போட்டுச் சாலை, ரயில், விமானச் சத்தத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். கெனெப்பர் பக்கம் நெடுஞ்சாலை இரைச்சல் காற்று வீசும் திசையைப் பொறுத்தது. தென்மேற்குக் காற்று அடிக்கும் ஒரு மாலையில் தெருவில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஞாயிறு காலையில் மட்டும் போய்ப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

சாவி நாளில் இருவரும் கையெழுத்திட்ட நிலவர அறிக்கை கட்டாயம். அது இல்லையென்றால், நீங்கள் காலி செய்யும்போது வீடு எப்படி இருக்கிறதோ அப்படியேதான் வாங்கினீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்குச் சாதகம்தான் என்று தோன்றும். ஆனால் வீட்டுக்காரர் பிறகு ஒரு பழைய படத்தை நீட்டினால் எதிர்க்கக் கையில் ஒன்றும் இருக்காது. கீறல், கறை, மூலை எல்லாம் தேதியோடு படம் எடுத்து அன்றே ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்த பிறகு பிடித்தம் எதுவும் இல்லையென்றால் போர்க் 14 நாளில், பிடித்தம் இருந்தால் கணக்கோடு 30 நாளில் திரும்ப வேண்டும்.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்று மீட்டரையும் எண் தெரியப் படம் எடுங்கள். மின்சாரமும் எரிவாயுவும் யாரிடம் வாங்குவது என்பது உங்கள் விருப்பம். தண்ணீர் 'ப்ராபன்ட் வாட்டர்' மட்டும்தான். குப்பை வரி கெமேன்ட்டேயிலிருந்தும், நீர் வரி 'வாட்டர்ஸ்காப் டெ டொம்மெல்' பெயரிலும் தனியாக வரும், வாடகையில் அது சேராது.

சைக்கிள்காரன்

கடைசியா ஒண்ணு. அந்த முகவரியில பதிஞ்சுக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கணும். ஏற்கெனவே நெதர்லாந்துல இருந்தா குடிபோறதுக்கு நாலு வாரம் முன்னாடியிலிருந்து, போன அஞ்சு நாளுக்குள்ள கெமேன்ட்டேகிட்ட சொல்லணும். ஊர்லேர்ந்து நேரா வர்றீங்கன்னா வந்த அஞ்சு நாளுக்குள்ள. அதுக்குக் கல்யாணச் சான்றிதழ், குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் ரெண்டுக்கும் அபோஸ்டில் முத்திரை இந்தியாவுலயே வாங்கிட்டு வந்துடுங்க. இங்க வந்தப்புறம் அதுக்கு அலையறது பெரிய இழுபறி. "பதிவு மட்டும் முடியாது, மத்தபடி ஓகே"ன்னு யாராவது சொன்னா அந்த வீட்டை அங்கேயே விட்டுடுங்க.