டயர் காற்று லைட் திரும்பத் திரும்ப வருகிறதா? புதிதாக வெளிநாடு போனவர்களுக்கு

மன்னார்குடித் தம்பி ஒருவருக்குக் கனடாவில் இது முதல் குளிர்காலம். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். டேஷ்போர்டில் ஆச்சரியக்குறியோடு மஞ்சள் லைட் எரிகிறது. காற்று அடித்தால் அணைகிறது, சில நாளில் மறுபடி வந்துவிடுகிறது. ஊரில் அப்பாவைக் கேட்டால், "காத்து அடிச்சுட்டு ஓட்டுப்பா" என்கிறாராம். நான் அங்கே டயர் கடையில் வேலை பார்த்துவிட்டு இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இதையே கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அந்த லைட்டைக் கவனியுங்கள். விட்டு விட்டு மின்னாமல் நின்று எரிந்தால் டயரில் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மின்னிவிட்டு அப்புறம் நின்று எரிந்தால் கோளாறு காற்றில் இல்லை, காற்றை அளக்கும் கருவியில். இது தெரியாமல் நல்ல டயரில் மேலும் மேலும் காற்றை ஏற்றுகிறவர்கள் உண்டு.

நின்று எரிகிற லைட்டுக்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஓட்டிக்கொண்டு போய், சூடான டயரோடு பங்க்கில் காற்று பிடித்தாலும் நமக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே அப்படி இல்லை. வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் கணக்கு) இறங்கும். 20 டிகிரியில் 33 வைத்த டயர், மைனஸ் 20-இல் 26, 27-க்கு வந்துவிடும். நல்ல டயரிலும் மாதம் ஒரு பிஎஸ்ஐ தானாகக் குறையும். குறித்த அளவில் கால்வாசி குறைந்தால் லைட் எரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. கனடாவில் ஓடும் பெரும்பாலான கார்களும் அந்தக் கணக்கில் வந்தவைதான். ஓடிய டயரிலோ சூடான கராஜுக்குள்ளோ 33 வைத்துவிட்டு வந்தால், ஒரு குளிர்ந்த காலையில் லைட் திரும்ப வருவதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் சொந்தமாக ஒரு காற்று கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகப் போகிறவர்கள் காருக்கு வாங்க வேண்டிய முதல் சாமான் அதுதான் என்பேன். ராத்திரி வெளியே நின்ற வண்டியில், ஓட்டுவதற்கு முன் காலையில் அளக்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். பிஎஸ்ஐ-க்குப் பதில் கிலோபாஸ்கல் என்ற கணக்கில் போட்டிருந்தால் 220 என்பது ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ.

நான்கு டயரையும் ஒரே காலையில் சரி செய்து, அளவை எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து அதேபோல் அளந்து பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் குளிர்தான். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் கசிவு. சோப்புத் தண்ணீரை வால்விலும், டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பிலும் ஊற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பழைய காரில் அந்த விளிம்பை விட்டுவிடாதீர்கள். பனி உருக ரோட்டில் உப்பு போடுவார்கள், அதில் ரிம் அரித்துக் காற்று மெல்லக் கசியும். வேதாரண்யத்துக்காரர்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டயரைக் கழற்றி விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினால் சரியாகிவிடும். ஆணி ஏறியது தரையில் படும் பாகத்தில் என்றால் உள்ளிருந்து பேட்ச் போடலாம். பக்கவாட்டில் என்றால் டயரை மாற்றத்தான் வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரோட்டில் காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கலாம், செலவு பார்க்காதீர்கள்.

மின்னுகிற லைட் என்றால் பெரும்பாலும் சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கும். 5 முதல் 10 வருடம்தான் வரும். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். புது டயர் போடும்போது சேர்த்து மாற்றினால் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். ஆன்லைனில் வாங்கினால் அலைவரிசையைப் பாருங்கள்: வட அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433. சென்சார் இல்லாத குளிர்கால சக்கரம் மாட்டியிருந்தாலும் லைட் மின்னும். அப்படியானால் கேஜ்தான் உங்களுக்குக் கண், மாதம் ஒருமுறையாவது அளந்துவிடுங்கள்.

சில கார்களில் சென்சாரே கிடையாது, சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடும். அதில் காற்றைச் சரி செய்த பிறகுதான் ரீசெட் அமுக்க வேண்டும். குறைந்த காற்றோடு அமுக்கினால் அதையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும். நான்கும் சரியாக இருந்தும் லைட் போகவில்லை என்றால் ஸ்டெப்னியையும் அளந்து பாருங்கள், சில வண்டிகளில் அதிலும் சென்சார் உண்டு.

இங்கிலாந்துக்குப் போனவர்கள் கவனிக்க: 2012 ஜனவரி 1 முதல் ஓடத் தொடங்கிய காரில் இந்த லைட் கோளாறு காட்டினால் வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையில் பெயில். பழைய கார் வாங்கப் போகும்போது சாவியைத் திருப்பியதும் இந்த லைட் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாராவது அதன் இணைப்பை வெட்டிவிட்டிருக்கலாம். விலை பேசுவதற்கு முன் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.