'லாக்' என்பதற்கு 'நிகழ்குறிப்பு'

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் நடப்பவற்றை மென்பொருள் தானாக எழுதிவைக்கும் 'லாக்' (log) என்பதற்குப் 'பதிவு' போதுமே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்திரப் பதிவு, ஒலிப்பதிவு, முன்பதிவு, வலைப்பதிவு, பயனர் பதிவு என்று அந்தச் சொல் ஏற்கெனவே தாங்க முடியாத சுமையோடு நிற்கிறது. "பதிவு அழிக்கப்பட்டது" என்று திரையில் வந்தால் அழிந்தது எது? பயனரின் கணக்கா, அவர் எழுதிய கட்டுரையா, சர்வர் குறித்துவைத்த பிழை விவரமா? மென்பொருளைத் தமிழாக்குகிறவர்கள் இதைப் பயனரின் ஊகத்துக்கு விட்டுவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்த வழியைப் பாருங்கள். முதலில் அது வெறும் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். 28 விநாடி ஓடும் மணற்கடிகை தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு ஓடின என்று எண்ணுவார்கள். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது அந்த முடிச்சால்தான். எண்ணியதை எழுதிவைத்த ஏட்டுக்குக் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஏட்டிலிருந்து கணினிக்கு வந்தது. ஆகவே நமக்கு வேண்டியது கட்டையும் அன்று, பொதுவான பதிவும் அன்று. நடக்க நடக்க, கால வரிசையில், விடாமல் எழுதப்படுவது என்ற பொருள்தான் வேண்டும்.

கணக்கில் வரும் 'லாக்' வேறு. 1614இல் ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய 'லாகரிதம்' என்ற பெயரின் சுருக்கம் அது. கட்டையோடு அதற்கு உறவில்லை. அதற்கு 'மடக்கை' பாடநூல்களில் நிலைத்துவிட்டது. 'லாக் இன்', அதாவது கணக்கில் உள்நுழைவதற்கு விக்கிப்பீடியாவில் வழங்கும் 'புகுபதிகை'யும் எனக்குப் பிடித்த சொல். புகுவதையும் பதிவதையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டையும் தொட வேண்டாம்.

மீதமுள்ள பொருளுக்கு நான் முன்வைப்பது 'நிகழ்குறிப்பு'. இது வினைத்தொகை. நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எங்கே கிடைக்கும்? நம் மொழியே எடுத்து நீட்டுகிற வசதி இது. ஊறுகாயையும் சுடுசோற்றையும் தந்த அதே வசதி. பிழை நிகழ்குறிப்பு, அணுக்க நிகழ்குறிப்பு (யார் எப்போது அணுகினார்கள் என்பது), நிகழ்குறிப்புக் கோப்பு என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி அமைகின்றன.

'நாட்குறிப்பு' என்று ஒருவர் சொன்னதையும் யோசித்தேன். நாட்குறிப்பு எழுதுகிறவர் எழுதத் தகுந்ததைத் தேர்ந்தெடுக்கிறார். நிரலோ, சொல்லிவைத்த வகை நிகழ்வு எதுவானாலும் எழுதிவிடும், ஒரே விநாடியில் ஆயிரம் வந்தாலும். அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும்.

'லாக் செய்' என்ற வினைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. 'நிகழ்குறிப்பில் எழுது' என்பது பொத்தானில் அடங்காது. 'குறித்துவை' அடங்கும், ஆனால் உலாவியின் பக்கக்குறியோடு ('புக்மார்க்') குழம்பும். இதற்கு உங்களிடம் சொல் இருந்தால் எழுதுங்கள்.