பிரபலங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறும்போது எந்த நாட்டு நீதிமன்றம் தடுமாறாமல் நிற்கிறது?

வைகைக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன். 2015ஆம் ஆண்டு மே 6 அன்று மும்பை அமர்வு நீதிமன்றம் நடிகர் சல்மான் கானுக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. பாந்திராவில் நடைபாதையில் படுத்திருந்தவர்கள் மீது கார் ஏறி ஒருவர் இறந்து, நால்வர் காயமடைந்த வழக்கு அது. அன்று மாலைக்குள் உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கியது. அவர் சிறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று கூறி அதே உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. விபத்து நடந்ததோ 2002 செப்டம்பரில். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில், வழக்கின் முக்கியச் சாட்சியான காவலர் காசநோயால் இறந்தே போனார்.

இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "வெளிநாடாக இருந்தால் இப்படி நடக்குமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கில் பல மாதங்கள் சாட்சியம் கேட்ட ஜூரி (பொதுமக்களிலிருந்து அமர்த்தப்படும் தீர்ப்புக் குழு), நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகக் கலந்து பேசி, 1995 அக்டோபர் 3 அன்று அவரை விடுவித்தது. ஆகவே, வெவ்வேறு நாட்டு நீதிமன்றங்களை இந்த விஷயத்தில் முறையாக ஒப்பிட வழி உண்டா என்பதே என் கேள்வி. ஜாமீன், ஜூரி, மேல்முறையீடு, தண்டனை நிறுத்திவைப்பு ஆகியவை எங்கே எப்படி வேறுபடுகின்றன என்று சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். அந்த நடிகர் நல்லவரா கெட்டவரா என்ற விவாதம் இங்கே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டத்தாள் எழுதியது:

ஒரு நாட்டு நடிகரையும் இன்னொரு நாட்டு விளையாட்டு வீரரையும் அருகருகே நிறுத்தி எந்த நாடு நேர்மையானது என்று முடிவு செய்ய முடியாது. குற்றம் வேறு, சான்று வேறு, சட்டம் வேறு. ஆனால் ஒரே ஆள் இரண்டு நாட்டு நீதிமன்றங்களின் முன் நின்ற வழக்குகள் சில இருக்கின்றன. அவற்றில் புகழும் பணமும் ஏறக்குறைய அதே அளவில் இருக்க, நீதிமன்ற முறை மட்டும் மாறுகிறது என்பதால் நான் அவற்றையே பார்ப்பேன்.

முதலில் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர். மொனாக்கோவில் வசிப்பதாகக் காட்டிக்கொண்டு உண்மையில் மூனிக்கில் வாழ்ந்து வரி ஏய்த்ததாக, 2002ஆம் ஆண்டு மூனிக் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டு சிறைத்தண்டனை விதித்து, அவரைச் சிறைக்கு அனுப்பாமல் அதை நிறுத்திவைத்தது. ஜெர்மானியச் சட்டப்படி இரண்டாண்டுக்கு மேற்பட்ட தண்டனையை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே நீதிமன்றம் அவருக்குத் தந்தது விளிம்பில் நிற்கும் தண்டனை. இருபது ஆண்டுகள் கழித்து, திவாலானவராக அறிவிக்கப்பட்ட பிறகு சொத்துகளை மறைத்த குற்றத்துக்காக லண்டன் சதக் நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு விதித்து நேரே சிறைக்கு அனுப்பியது. முன்பு ஜெர்மனியில் கிடைத்த நிறுத்திவைப்பை அவர் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் நீதிபதி தண்டனையின்போது சுட்டிக்காட்டினார். சுமார் எட்டு மாதங்கள் சிறையில் இருந்த பின், 2022 டிசம்பரில் விடுவிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இதை வைத்து ஜெர்மனி இளகிய நாடு என்று முடிவு கட்ட வேண்டாம். பயேர்ன் மூனிக் கால்பந்துக் கழகத் தலைவராக இருந்த ஊலி ஹோனஸுக்கு 2014இல் வரி ஏய்ப்புக்காக அதே நகர நீதிமன்றம் மூன்றரை ஆண்டு விதித்தது, அவரும் மேல்முறையீடு செய்யாமல் சிறைக்குச் சென்றார்.

இரண்டாவது, அமெரிக்கப் பாடகர் ஏசாப் ராக்கி. 2019 ஜூலையில் ஸ்டாக்ஹோம் தெருச் சண்டை ஒன்றுக்காகக் கைதானார். சுவீடனில் பணம் கட்டி வெளியே வரும் ஜாமீன் முறையே கிடையாது. அப்போதைய அமெரிக்க அதிபர் டிரம்ப் சுவீடன் பிரதமரைத் தொலைபேசியில் அழைத்து, ஜாமீனுக்குத் தாமே பொறுப்பேற்பதாகக் கூறிய பிறகும் நிலைமை மாறவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் காவலில் இருந்து, விசாரணை முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். கடைசியில் குற்றவாளி என்று தீர்ப்பானாலும் மேற்கொண்டு சிறை இல்லை. அவரே 2022இல், துப்பாக்கியால் சுட்டதான குற்றச்சாட்டில் லாஸ் ஏஞ்சலிஸில் கைதானபோது ஐந்தரை லட்சம் டாலர் ஜாமீனில் அன்றே வெளியேறினார். நீண்ட சிறைக்கு வாய்ப்புள்ள அந்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நூற்றெண்பது நாள்களோடு முடித்துக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பு முன்வந்தும் மறுத்துவிட்டு, 2025 பிப்ரவரியில் ஜூரியின் தீர்ப்பால் விடுதலையானார். சிறிய குற்றத்துக்கு ஒரு மாதக் காவல், பெரிய குற்றச்சாட்டுக்கு ஓர் இரவுகூட இல்லை. சுவீடனில் பணத்துக்கு வேலையே இல்லாத கட்டத்தில்தான் அமெரிக்காவில் பணம் முழுமூச்சாக வேலை செய்கிறது.

மூன்றாவது, பிரேசில் கால்பந்து வீரர் ராபின்யோ. 2013இல் மிலானில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்காக இத்தாலிய நீதிமன்றம் விதித்த ஒன்பதாண்டுத் தண்டனை 2022 ஜனவரியில் இறுதியானது. அவரோ பிரேசிலில் இருந்தார். பிறப்பால் பிரேசில் குடிமக்களாக உள்ளவர்களை அந்த நாட்டு அரசமைப்பு பிற நாடுகளிடம் ஒப்படைக்க விடாது. விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் இத்தாலியின் கோரிக்கையை ஏற்று, அந்தத் தண்டனையைப் பிரேசில் சிறையிலேயே அனுபவிக்க வேண்டும் என்று அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மறுநாளே அவர் கைதானார். இயக்குநர் ரோமன் போலான்ஸ்கி 1978இல் தண்டனை அறிவிப்புக்கு முன் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு ஓடியபோது இப்படியொரு வழியை எவரும் பயன்படுத்தவில்லை. பின்னர் சுவிட்சர்லாந்தும் போலந்தும்கூட அவரை அனுப்ப மறுத்தன.

மணல்மேடு எழுதியது:

சட்டத்தாள் அவர்களின் விளக்கம் அருமை. ஒரு சிறு மறுப்பு மட்டும். இவையெல்லாம் புகழின் விளைவு என்பதைவிடப் பணத்தின் விளைவு என்பதே பொருத்தம். ஸ்பெயினைப் பாருங்கள். முதல் குற்றத்துக்கு இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனை என்றால் அங்கே பொதுவாகச் சிறை கிடையாது. லயோனல் மெஸ்ஸிக்கு வரி வழக்கில் விதிக்கப்பட்ட இருபத்தொரு மாதச் சிறை, 2017இல் நாளொன்றுக்கு 400 யூரோ என்ற கணக்கில் 2,52,000 யூரோ அபராதமாக மாற்றப்பட்டது. கால்பந்து வீரர் டானி ஆல்வெஸ் மீதான பாலியல் வழக்கில், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடாக 1,50,000 யூரோவை விசாரணைக்கு முன்பே நீதிமன்றத்தில் செலுத்தியதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொண்டு நாலரை ஆண்டு விதித்தார்கள். அந்தத் தீர்ப்பும் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது என்பது தனிக்கதை. பெயரே தெரியாத ஒரு பணக்காரருக்கும் இந்த வழிகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன.

யாழ்நூலகன் எழுதியது:

இலங்கை வாசகன் என்ற முறையில் ஒரு வழக்கைச் சேர்க்கிறேன். கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்க 2022 நவம்பரில் சிட்னியில் பாலியல் குற்றச்சாட்டில் கைதானார். பிணை கிடைத்தாலும் நாட்டை விட்டு வெளியேற முடியாமல் ஏறக்குறைய பதினொரு மாதங்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. அவரது வழக்கை ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரித்தார். நியூ சவுத் வேல்ஸ் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. 2023 செப்டெம்பர் 28 அன்று, முறைப்பாட்டில் மிஞ்சியிருந்த ஒரே குற்றச்சாட்டிலிருந்தும் அவரை விடுவித்த நீதிபதி, அதற்கான காரணங்களை எழுத்தில் விரிவாகத் தந்தார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஜூரி "குற்றவாளி அல்ல" என்று சொல்லி எழுந்து போய்விடும்; புகழுக்கு மயங்கிச் சொன்னதா, சான்றைப் பார்த்துச் சொன்னதா என்பதை எவரும் அறிய முடியாது. நீதிபதியின் தீர்ப்பையோ வரி வரியாகப் படித்துக் குறை சொல்லலாம்.

மணல்மேடு அவர்களுக்கு: பணம் இருந்தும் சட்டமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கவனியுங்கள். 2010இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பணத்துக்காக வேண்டுமென்றே நோபோல் வீசிய விவகாரத்தில் சல்மான் பட், முகமது ஆசிப், முகமது ஆமிர் ஆகிய மூன்று பாகிஸ்தான் வீரர்களும் மறு ஆண்டே லண்டனில் சிறைக்குப் போனார்கள். 2013 ஐபிஎல் விவகாரத்தில் ஸ்ரீசாந்த் உள்ளிட்டோர் மீது டெல்லிக் காவல்துறை குண்டர் கும்பல்களுக்கான கடுஞ்சட்டத்தைப் பாய்ச்சியது. அது பொருந்தவில்லை என்று 2015இல் விசாரணை தொடங்கும் முன்பே நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. ஆட்ட நிர்ணயத்தைத் தனிக் குற்றமாக்கிப் பத்தாண்டு வரை சிறை என்று எங்கள் நாட்டில் 2019இல் சட்டம் வந்ததற்கும் இத்தகைய அனுபவங்கள் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பழைய பிரதி எழுதியது:

மேல்முறையீட்டைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. சிம்ப்சனை ஜூரி விடுவித்த பிறகு அரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை; அமெரிக்காவில் விடுதலைத் தீர்ப்பே முடிவானது. 1997இல் உரிமையியல் வழக்கில் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது மட்டுமே எஞ்சியது. தென்னாப்பிரிக்காவில் ஜூரி முறை 1969இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது, சட்டப் பிரச்சினையின் பேரில் அரசுத் தரப்பு மேல்முறையீடும் செய்யலாம். ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013இல் தம் காதலியைச் சுட்டுக்கொன்ற வழக்கில் இதனால் நடந்ததைப் பாருங்கள். 2014இல் கொலை அல்ல என்று கூறி ஐந்தாண்டு, 2015 டிசம்பரில், கதவுக்குப் பின்னால் இருப்பவர் சாகக்கூடும் என்று உணர்ந்தே சுட்டதால் அது கொலைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் திருத்தம், 2016இல் ஆறாண்டு, அது அதிர்ச்சி தரும் அளவுக்குக் குறைவு என்று அரசு மீண்டும் போராட, 2017 நவம்பரில் பதின்மூன்று ஆண்டு ஐந்து மாதம். 2024 ஜனவரியில்தான் அவர் பரோலில் வெளியே வந்தார். ஆனால் இத்தனை தீர்ப்புகளும் 2014 முதல் 2017 வரையிலான நான்கே ஆண்டுகளில் வந்துவிட்டன.

இந்தியாவிலும் இந்த வசதி உண்டு, காலம்தான் இல்லை. 1988இல் பாட்டியாலாவில் வாகனத் தகராறில் முதியவர் ஒருவர் இறந்த வழக்கில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவை விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் மூன்றாண்டு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு முடித்தது. சீராய்வு மனுவில் அதே நீதிமன்றம் 2022இல் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. குற்றம் நடந்தபோது இருபத்தைந்து வயதிலிருந்தவர் சிறைக்குச் சென்றபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

புகழ் எப்போதும் காப்பாற்றும் என்று எண்ணுபவர்கள் நம் லட்சுமிகாந்தன் வழக்கையும் மறக்கக் கூடாது. 1944 நவம்பரில் நடந்த அந்தக் கொலைக்காக, புகழின் உச்சியில் இருந்த தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும், ஜூரி விசாரணைக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் 1945இல் தீவாந்திர தண்டனை விதித்தது. ஊரே அறிந்த முகங்கள் என்பது ஜூரியிடம் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் அன்று இந்தியாவுக்கான இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகும் வசதி அவர்களுக்கு இருந்தது. அது மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்குமாறு திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அன்றைய ஏழைக் கைதி எவருக்கும் பிரிவி கவுன்சில் எட்டாக் கனி என்பதால், இந்த ஒரு வழக்கை மணல்மேடு அவர்கள் தம் பக்கமும் சேர்த்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரே ஆளை இரண்டு நீதிமன்றங்களில் வைத்துப் பார்க்கும் முறை எனக்குத் தெளிவைத் தந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. தீர்ப்பு வந்த அன்றே உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் என்பது சட்டத்தில் உள்ளதா, அல்லது சல்மான் கானுக்காக வளைக்கப்பட்டதா? கன்னட நடிகர் தர்ஷனுக்கு உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ரத்து செய்திருப்பதால் கேட்கிறேன்.

சட்டத்தாள் எழுதியது:

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தர்ஷனுக்குக் கிடைத்தது தண்டனைக்கு முந்தைய ஜாமீன். விசாரணை முடியாத கொலை வழக்கில் போதிய காரணமின்றி அது வழங்கப்பட்டது என்பதே உச்ச நீதிமன்றத்தின் குறை. சிறையில் அவருக்குச் சிறப்பு வசதிகள் தரப்பட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மீது நடவடிக்கை பாயும் என்றும் அந்த அமர்வு எச்சரித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சிறை வளாகத்தில் நாற்காலியில் அமர்ந்து புகைக்கும் அவரது படம் வெளியாகியிருந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சல்மான் கானுக்குக் கிடைத்தது தண்டனைக்குப் பிந்தைய நிறுத்திவைப்பு, அதாவது மேல்முறையீடு முடியும் வரை தண்டனையைத் தள்ளிவைப்பது; பெக்கருக்குக் கிடைத்ததைப் போன்றதல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 389ஆம் பிரிவுப்படி, மூன்றாண்டு வரையிலான தண்டனையை, அதுவரை ஜாமீனில் இருந்தவருக்கு, விசாரணை நீதிமன்றமே தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அவருக்கு விதிக்கப்பட்டது ஐந்தாண்டு என்பதால் உயர் நீதிமன்றம் சென்றார்கள். தீர்ப்பின் நகல் இன்னும் கைக்கு வரவில்லை என்ற காரணத்தைக் காட்டி இரண்டு நாள் இடைக்கால ஜாமீன் பெற்றார்கள். இவை எல்லாம் சட்டத்தில் உள்ளவையே, எவருக்கும் பொதுவானவையே. பொதுவாக இல்லாதது வேகம்: பிற்பகலில் தண்டனை அறிவிக்கப்பட்டு, அன்று மாலையே ஹரீஷ் சால்வே போன்ற மூத்த வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதற்கும் அதே ஆளையே சான்றாக வைக்கலாம். 2018 ஏப்ரல் 5 அன்று மான் வேட்டை வழக்கில் ஜோத்பூர் நடுவர் நீதிமன்றம் அவருக்கு மீண்டும் அதே ஐந்தாண்டு விதித்தது. அங்கே மேல்முறையீடு அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். மறுநாள் வாதங்களைக் கேட்ட நீதிபதி உடனே உத்தரவிடாமல், கீழ் நீதிமன்றத்தின் ஆவணங்களை வரவழைத்துப் பார்த்து, அதற்கடுத்த நாள்தான் தண்டனையை நிறுத்திவைத்தார். ஆகவே அந்த முறை சல்மான் கான் இரண்டு இரவுகள் ஜோத்பூர் மத்தியச் சிறையில் கழித்தார்.