ஏ.டி.வி. எஞ்சினின் கம்ப்ரெஷன் அளவு குறைவாகக் காட்டுகிறது: ஆலோசனை தேவை

குழும உறவுகளுக்கு வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு, உறவினர் ஒருவரின் தோட்டத்தில் ஓடிய பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) ஒன்று கிடைத்துள்ளது. ஒற்றைச் சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஏற்றத்தில் இழுவையும் போதவில்லை.

எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி எர்த் செய்து, த்ரொட்டிலை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, பஞ்சிகாவத்தையில் வாங்கிய கம்ப்ரெஷன் கேஜின் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி) முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். மூன்று முறையும் 70 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவில்லை. (பற்றரி முழுச் சார்ஜில்தான் இருந்தது.) ஒரு தேக்கரண்டி ஒயிலைச் சிலிண்டருக்குள் விட்டு மீண்டும் பார்த்தபோது 75 மட்டுமே வந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால், ஒயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு நன்றாக உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், வால்வின் மீதோ ஹெட் காஸ்கெட்டின் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்பு) மீதோதான் என் சந்தேகம். கராஜ்காரரோ பிஸ்டனை மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையே இன்னொரு குழப்பம். ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க, சில எஞ்சின்களின் கேம் ஷாஃப்டில் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள டீகம்ப்ரெஷர் என்ற அமைப்பு குறைந்த வேகத்தில் வால்வைச் சற்றே திறந்து வைப்பதால், நல்ல எஞ்சினிலும் கேஜ் குறைத்தே காட்டும். என் வண்டியில் அது உண்டா என்பதை ஹெட்டைக் கழற்றாமல் அறிய வழியுண்டா? வால்வு இடைவெளியை முதலில் சரிபார்ப்பதா, அல்லது காற்றழுத்தம் கொடுத்துக் கசிவுச் சோதனை செய்வதா? கொழும்பில் அச்சோதனைக்குரிய கருவியை வைத்திருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.