தேய்த்துக் கெடுத்த காசு, ஏமாந்து வாங்கிய காசு: உங்கள் கதை என்ன?

ஓட்டைக்காலணா:

ஐந்தாம் ஜார்ஜ் அரசர் தலை போட்ட 1911 வெள்ளி ரூபாய். ஆமாம், அவர் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரியுமே, அந்தப் 'பன்றி ரூபாய்'தான். பெரியப்பா ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கன்னங்கரேலென்று இருந்தது. அப்போது எனக்குப் பழைய காசு சேர்ப்பதில் மூன்று மாத அனுபவம். மூன்று மாதத்தில் தெரியாதது எதுவும் கிடையாது, இல்லையா? பழைய பல் தேய்க்கும் பிரஷ், பற்பசை, குழாய்த் தண்ணீர். நுரை கறுப்பாக வழிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மறுவாரம் ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் பெருமையாக நீட்டினேன். விளிம்பில் பிடித்து மேசை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தார். தேயாத காசு என்றால் வெளிச்சம் காற்றாடி மாதிரி சுற்றிவரும், தெரியும்தானே. என் காசில் வெளிச்சம் அசையவே இல்லை. அப்புறம் லென்ஸை வைத்தார். அரசரின் அங்கிச் சங்கிலியில் இருக்கும் யானையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது கன்னத்தை. கன்னம் முழுக்கப் பிரஷ் கோடு. லென்ஸை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காசை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டார். "வச்சுக்கோ தம்பி."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஒன்பது வருஷம் ஆகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், சொல்லுங்கள்.

அரையணா:

நான் தேய்க்கவே இல்லை சார், பத்திரமாக வைத்துக் கெடுத்தவன். நெகிழி உறை போட்ட ஆல்பம், அலமாரியின் மேல்தட்டு, நாலு வருஷம் தொடவே இல்லை. திறந்தால் புது ரெயின்கோட் வாசனை. 1947 நிக்கல் ரூபாய், அதுதான் புலி போட்டது, அதை உருவினேன். விரலில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. பக்கம் முழுக்க அப்படித்தான். புலியின் முதுகில் ஒரு பச்சைத் துளி, கண்ணீர் மாதிரி. பிவிசி உறை என்ற வார்த்தையையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். விற்றவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

களிம்புமாமா:

ஓட்டைக்காலணா, உங்களுக்காவது உருவம் மிஞ்சியிருக்கிறது. என் கதை ராஜராஜன் செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள், பக்கத்தில் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. ஏராளமாகக் கிடைக்கிற காசுதான், எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் இருந்ததில் அந்த எழுத்து அத்தனையும் வாசிக்கிற மாதிரி இருந்தது. பச்சைக் களிம்புக்குக் கீழே இன்னும் தெளிவாக இருக்கும் என்று எலுமிச்சையும் உப்பும் போட்டேன். பத்தே நிமிஷம். எடுத்துப் பார்த்தால் புதுச் செம்புக் கம்பி மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு வில்லை. எழுத்தைக் காணோம். எழுத்து இருந்ததே அந்தக் களிம்பில்தான். கீழே இருந்த செம்பு எப்போதோ அரித்துப்போயிருந்தது.

ஆகவே அரையணா தம்பி, அந்தப் பச்சையையும் தொடாதீர்கள். களிம்பு என்பது காசின் தோல்.

அரையணா:

மாமா, அது களிம்பு இல்லை. பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த பசை. விட்டால் உலோகத்தையே தின்றுவிடும். இரண்டும் பச்சை என்பதால் ஒன்றாகிவிடுமா?

களிம்புமாமா:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதை வைத்து எடுப்பீர்கள்? அதில்தானே எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

அரையணா:

அசிட்டோன். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசைப் போட்டு மூடி வைத்தேன். அரை மணி கழித்து எடுத்து, புது அசிட்டோனில் இன்னொரு முங்கு, துடைக்காமல் அப்படியே உலரவிட்டேன். புலி பிழைத்தது. ஆனால் அந்தத் துளி இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம் நிரந்தரமாகிவிட்டது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் போடாதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

காந்தம்:

என்னுடையது ஒரு நிமிஷக் கதை. அமெரிக்க ஒரு சென்ட், 1943, செம்பு நிறம். புரிகிறதல்லவா? போருக்குச் செம்பு வேண்டுமென்று அந்த வருஷம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறிப்போய் வெண்கலத்தில் அடித்தவை விரல்விட்டு எண்ணுகிற அளவு. இரவு பதினொரு மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். மனைவி, மகன், மாமியார் எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். மகன் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த பொம்மைக் காந்தத்தை எடுத்துவந்து காட்டினான். 'டக்'.

எஃகுக்குச் செம்பு முலாம். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை, போய்ப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து காந்தம் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. எல்லோரும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

தராசு:

காந்தம் போதும் என்று சொல்வதுதான் ஆபத்து நண்பரே. அது இரும்பு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும் (நிக்கலையும் பிடிக்கும், அரையணாவின் புலி ரூபாய் அசலாக இருந்தாலும் ஒட்டும்). அதே 1943 சென்ட்டில், 1948-இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்கி வைத்திருந்தால்? அது வெண்கலம். உங்கள் காந்தம் சும்மா இருக்கும், நீங்கள் மறுபடி மாமியாரை எழுப்புவீர்கள்.

ஓட்டைக்காலணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் 1911 அசல்தானா என்று பார்த்தீர்களா? அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி மாதிரி தெரிகிறது என்று புகார் கிளம்பி, அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் யானையைத் திருத்தினார்கள். அதனாலேயே 1911-க்குக் கிராக்கி, அதனாலேயே போலி.

எடையை மட்டும் பார்க்காதீர்கள். ரூபாய் 11.66 கிராம் என்று உங்களுக்குத் தெரிவது போலவே போலி செய்கிறவனுக்கும் தெரியும். கொஞ்சம் தடிமனாக அடித்து எடையைச் சரிக்கட்டிவிடுவான். கனஅளவில்தான் அவன் மாட்டுவான். இரண்டு தசமம் காட்டுகிற சின்ன மின்தராசு வேண்டும். முதலில் காசை வெறுமனே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை லேசாக ஆட்டி விடுவியுங்கள். இப்போது தராசு காட்டுகிற கிராம்தான் காசின் கனஅளவு, கனசென்டிமீட்டரில். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

தூய வெள்ளி 10.49, செம்பு 8.96. உங்கள் ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு, ஆகவே 10.3-க்குப் பக்கத்தில் வரவேண்டும். அதாவது தண்ணீருக்குள் 1.13 கிராம் காட்ட வேண்டும். 1.30 காட்டினால் உள்ளே செம்பு. நூல் முடிச்சு பெரிதாக இருந்தால் கணக்கு கெடும், தையல் நூலிலேயே மெல்லியதாகப் பாருங்கள். கை நடுங்கினால் நூலை ஒரு பென்சிலில் கட்டிப் பென்சிலை எதன் மேலாவது படுக்க வையுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

என் கதையா? என் கதை ஒன்றுமில்லை. மேலே சொன்னதை வாங்கின பிறகு கற்றுக்கொண்டேன்.

தலைகீழ்:

சிரிக்காதீர்கள். அமெரிக்கக் கால் டாலரைப் பக்கவாட்டில் திருப்பினேன், கழுகு தலைகீழாக நின்றது. அச்சுப் பிழை! அரிய பிழை! படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் இன்னொரு கால் டாலரைத் திருப்பினேன். அதுவும் தலைகீழ். இன்னொன்று. அதுவும். அவர்கள் அடிப்பதே அப்படித்தானாம், மேலிருந்து கீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். யூரோவைப் பக்கவாட்டில் திருப்பலாம். அந்தப் பத்துப் பேரில் மூன்று பேர் இன்னும் என்னைப் 'பிழை' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தேரேசாபித்தன்:

மரியா தெரேசா தாலர், ஆஸ்திரியப் பேரரசியின் முகம் போட்ட பெரிய வெள்ளிக்காசு, 1780. பேரரசி உயிரோடு இருந்த கடைசி வருஷத்தில் அடித்தது என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்து ரசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறுத்தியது. இருநூறு வருஷத்துக்கு மேலான காசில் மேலங்கியின் ஊசியில் பதித்த முத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. அப்புறம் படித்தேன். அவர் இறந்த பிறகும் அதே 1780-ஐப் போட்டு வியன்னா, ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் என்று ஊர் ஊராக அடித்திருக்கிறார்கள். வியாபாரிகள் அந்த முகத்தைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டேன் என்றார்களாம். போலியை வாங்கிவிட்டேன்.

தராசு:

போலி இல்லை, மறு அச்சு. அரசாங்க நாணயச்சாலை அடித்த நல்ல வெள்ளி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

தேரேசாபித்தன்:

ஐயா, வெள்ளி நல்லதுதான். என்னிடம் விற்ற கதை போலி. நான் காசு கொடுத்தது கதைக்கு.

புள்ளிராஜா:

இதைப் படித்துவிட்டு என் வீட்டம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களை மாதிரி இத்தனை பேரா?"

என்னிடம் இருப்பது விக்டோரியா 1862 ரூபாய், முப்பத்தொன்று. வருஷத்தை மாற்றாமலேயே 1874 வரை அடித்தார்களே, அந்த வரிசை. ஆண்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள புள்ளிகளை எண்ணினால்தான் எது எந்த ரகம் என்று தெரியும். போன மாதம் மச்சான் வந்திருந்தார். தட்டை முன்னால் வைத்து அரை மணி நேரம் விளக்கினேன். புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு, புள்ளியே இல்லாதது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் ஒன்றை எடுத்து, கட்டைவிரலை விக்டோரியாவின் முகத்தில் அழுத்தி, "எல்லாம் ஒண்ணேதானே மாப்ளே, ஒண்ணை வச்சுக்கிட்டு மீதியைக் குடுத்துடலாமே" என்றார். ஒன்றே என்றதுகூடப் பரவாயில்லை. அந்தக் கட்டைவிரல்!

இதைவிட மோசம் நடுராத்திரியில் வரும் படங்கள். மங்கலாக ஒரு வட்டம், கீழே "இது எவ்வளவு போகும்?" என்ன காசு என்றுகூடத் தெரியாது. பதில் சொன்னால் "ஏமாத்தறீங்க, ஒருத்தர் கோடி போகும்னார்" என்று கோபம். அந்த ஒருத்தரிடமே கேட்டிருக்கலாம்.

களிம்புமாமா:

கையுறை கொடுக்க வேண்டியதுதானே மச்சானுக்கு?

புள்ளிராஜா:

பருத்திக் கையுறையா? வழுக்கிக் கீழே போட்டால் விளிம்பு நசுங்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, விளிம்பில் பிடித்தால் போதும். கீழே ஒரு மெத்தென்ற துணி.

களிம்புமாமா:

முப்பது வருஷமாகக் கையுறையோடுதான் எடுக்கிறேன், ஒன்றுகூட விழுந்ததில்லை.

தலைகீழ்:

எலுமிச்சையில் விழுந்தது கணக்கில் வராதா மாமா?

களிம்புமாமா:

உன்னைப் 'பிழை' என்று கூப்பிடுகிற நாலாவது ஆள் நான்.

ஓட்டைக்காலணா:

தராசு சார், நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். தராசு பக்கத்து வீட்டில் இரவல். பென்சிலை இரண்டு டம்ளருக்கு நடுவில் படுக்க வைத்து, தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். விளிம்பு வரிகளில் குட்டிக் குட்டியாகக் குமிழி ஒட்டியிருந்தது, பிரஷ் முனையால் தள்ளிவிட்டேன். (அதே பிரஷ் இல்லை.)

உண்மையைச் சொல்கிறேன், எண் நிற்பதற்கு முன்னால் 1.30 வரட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். போலியைத்தான் தேய்த்தேன் என்று ஆகிவிட்டால் ஒன்பது வருஷத்துப் பாரம் இறங்கிவிடும் அல்லவா?

வெளியே 11.61. தண்ணீருக்குள் 1.13. மூன்று தடவையும் 1.13.

தராசு:

அசல். வாழ்த்துகள்.

ஓட்டைக்காலணா:

தெரியும் சார். அதுதான் பிரச்சினை.