அந்த முப்பதை எடுத்துட்டா நாங்கதான் ஜெயிச்சோம்

குழு: ஹஸ்கிக் குடும்பம்

2024 மார்ச் 30, சனி

அப்பா (இரவு 8.24): முடிஞ்சது. இல்லினாயை 77-52ன்னு அடிச்சு, காலேஜ் பாஸ்கெட்பால் தேசியப் போட்டியில நம்ம ஹஸ்கி டீம் கடைசி நாலுக்குள்ள போயாச்சு. பாஸ்டன் கார்டன்ல இருந்தது பாதிக்கு மேல நம்ம கனெக்டிகட் கூட்டம்தான் போல. வீட்ல சோஃபால உட்கார்ந்து கத்துன எனக்கே தொண்டை போயிடுச்சு.

தம்பி: 30-0 அப்பா!!! முப்பதுக்குப் பூஜ்யம்!!! 23-23ல நின்ன ஆட்டம், அடுத்து நிமிர்ந்து பாத்தா 53-23

தம்பி: இங்க ஸ்டோர்ஸ்ல, நம்ம காலேஜ் ஊர்ல, ஹாஸ்டல் முழுக்க வெளியில நிக்குது. எனக்கு என் குரலே கேக்கல.

அக்கா: இங்க இல்லினாய் ரசிகர் ஒருத்தர் ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு சுவரைப் பாத்துட்டு இருக்கார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேக்காதீங்க.

அத்தான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: அத்தான், என்னன்னு சொல்லிட்டு அழிங்க.

அத்தான்: வாழ்த்துகள்னு போட்டேன். மனசு வரல, அழிச்சிட்டேன்.

அப்பா: மாப்பிள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க. இல்லினாய் நல்ல டீம். ரெண்டு நாள் முன்னாடி இதே கார்டன்ல அயோவா ஸ்டேட்டை அடிச்சவங்க.

அத்தான்: அதான் மாமா எரியுது. நாட்டிலேயே முரட்டு டிஃபென்ஸ் அயோவா ஸ்டேட்டோடது. அவங்க மேலயே 72 போட்டோம். இங்க முதல் 27 நிமிஷத்துக்கு 23.

அத்தான்: ஆனா ஒரு கணக்கு சொல்றேன். அந்த முப்பதை மட்டும் எடுத்துட்டுப் பாருங்க. 52-47. நாங்கதான் ஜெயிச்சோம்.

சித்தி: தலைவலியை எடுத்துட்டுப் பாத்தா நானும் நல்லாத்தான் இருக்கேன் மாப்பிள்ளை.

அக்கா: சித்தி

அக்கா: சிரிச்சிட்டார். ஆபத்து தாண்டியாச்சு.

அம்மா: எனக்கு ஒரு சந்தேகம். அந்த நெட்டைப் பையன் கூடைக்குக் கீழேயே நிக்கறானே, அது சரியா? வேற ஏதோ மேட்ச்ல அப்படி நின்னதுக்கு விசில் ஊதினாங்களே.

தம்பி: அது என்பிஏ அம்மா, தொழில்முறை லீக். அங்கதான் யாரையும் காக்காம சும்மா மூணு செகண்டுக்கு மேல கூடைக்கு முன்னாடி இருக்கற கட்டத்துல நின்னா ஊதுவாங்க. காலேஜ்ல அந்த ரூல் கிடையாது. எவ்வளவு நேரம் வேணா நிக்கலாம்.

அம்மா: எவ்வளவு உயரம் அவன்?

அப்பா: ஏழடி ரெண்டங்குலம். பிரிஸ்டல் பையன், நம்ம ஸ்டேட்.

அம்மா: ஏழடி ஆள் வாசல்லயே நின்னா உள்ள யாருதான் போவா?

அத்தான்: நாங்க போனோமே அத்தை. பத்தொன்பது தடவை.

தம்பி: ஐயோ ஆமா! அந்த நெட்டையன் கிளிங்கன் எதிர்ல நின்னு கை தூக்குன ஷாட் மொத்தம் 19. எத்தனை விழுந்துச்சு சொல்லுங்க

நான்: மூணு?

தம்பி: பூஜ்யம்.

தம்பி: 19க்குப் பூஜ்யம். அவன் கணக்குல 22 பாயின்ட், விழாத பந்தைப் பிடிச்ச ரீபவுண்ட் 10, ஷாட்டைத் தட்டிவிட்ட பிளாக் 5 வேற.

அப்பா: மனுஷனே இல்ல அவன்.

சித்தப்பா: குரல் பதிவு (3:12)

நான்: சித்தப்பா, மூணு நிமிஷமா! டைப் பண்ணுங்க, ப்ளீஸ்.

சித்தி: நான் பக்கத்துல உட்கார்ந்து நேரடி ஒலிபரப்பே கேட்டாச்சு. அந்தக் கொடுப்பினை உங்களுக்கு வேண்டாம். எழுதச் சொல்லியிருக்கேன்.

சித்தப்பா (இரவு 8.47): சரி எழுதறேன். எல்லாரும் பிளாக் பிளாக்னு குதிக்கறீங்க. பிளாக் அஞ்சே அஞ்சு. அஞ்சு பிளாக்குக்கு ஒரு நல்ல டீம் நாலு ஷாட்டுக்கு ஒண்ணுங்கற நிலைமைக்கு இறங்கிடாது. மீதியெல்லாம் அவன் பந்தைத் தொடவே இல்ல. தொட்டுடுவானோன்னு பயந்து கோணலாப் போட்டது. லே-அப், அதான் கூடைக்குப் பக்கத்துல ஓடி வந்து போடறது, அதைப் போடறவன் பந்தை வழக்கத்தை விட ஒரு அடி மேல தூக்கறான். கண்ணு கூடையை விட்டுட்டு இவன் கையைப் பாக்குது. இந்த பயத்துக்கு ஸ்கோர் ஷீட்ல கட்டமே கிடையாது.

சித்தப்பா: இன்னொண்ணு. அவங்களை அவன்கிட்ட கொண்டுவந்து விட்டது யாரு? நம்ம காஸில். முதல் வருஷப் பையன். அவங்க ஷானன் முந்தின மேட்ச்ல 29 போட்டவன், இன்னிக்கு 8. ஷானன் ஸ்கிரீனை, அதான் வழி மறிச்சு நிக்கற கூட்டாளியைச், சுத்தி வர்றப்ப காஸில் அவன் இடுப்பை விட்டுப் பிரியவே இல்ல. வெளியில நின்னு மூணு பாயின்ட் ஷாட் போட இடமே தரல. அப்ப ஷானனுக்கு ஒரே வழி, உள்ள போறது. உள்ள கிளிங்கன் மேல ஏறி வராம பின்வாங்கி நிக்கறான், டிராப்னு சொல்றோமே அது. ஆட்டை ஓட்டிட்டு வந்து பட்டியில அடைக்கற வேலைதான். டிவிக்காரன் பட்டிக் கதவைத்தான் காட்டறான், ஓட்டிட்டு வந்தவனைக் காட்டல.

அப்பா: இதை நான் மேட்ச் நடுவுலயே சொன்னேன்.

அம்மா: நீங்க சொன்னது "அடி, அடி, விடாதே" மட்டும்தான்.

அத்தான்: சின்ன மாமா, காஸில் விஷயம் முழுசா ஒத்துக்கறேன். ஆனா பாதிப் பழி எங்க தலையிலதான். எங்க ஹாக்கின்ஸ் வெளியிலருந்து போடத் தெரிஞ்ச நெட்டை ஆள். அந்தப் பக்கம் ரெண்டு விழுந்திருந்தாலே உங்க நெட்டையன் ஒரு அடியாவது வெளிய வந்திருப்பான். நாங்க முட்டுன சுவத்துலயே திரும்பத் திரும்ப முட்டினோம். டோமாஸ்க் ஒருத்தன்தான் முதுகைக் காட்டித் தள்ளிட்டே போய் நிதானமாப் போட்டான், 17 பாயின்ட். மத்தவங்க எல்லாம் ஓடிப்போய் மோதறாங்க. பத்து தடவை விழலன்னதும் பதினொண்ணாவதா வேற ஏதாவது பண்ணணும்ல?

தம்பி: அத்தான் நியாயமாப் பேசறார், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறேன்

சித்தப்பா: மாப்பிள்ளை, சொல்றது எளிசு. 30 செகண்ட்ல ஷாட் போட்டாகணும். உங்காளுங்களைப் பந்தை மேல கொண்டு வர விடாம நம்ம பசங்க எட்டு பத்து செகண்டைத் தின்னுடறாங்க. முதல் வழி அடைப்பு, ரெண்டாவது வழியும் அடைப்புன்னா கடைசி அஞ்சு செகண்ட்ல மூளை வேலை செய்யாது, கால்தான் செய்யும். கால் கூடையைப் பாத்து ஓடும்.

நான்: சித்தப்பா, என்னோட கேள்வி வேற. 53-23 ஆனப்ப பன்னிரண்டு நிமிஷம் சொச்சம் பாக்கி இருந்தது. அதுவரைக்கும் 23 விட்ட டீம், அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துல 29 விட்டிருக்கு. அந்தத் துண்டை மட்டும் பாத்தா நாம 24, அவங்க 29.

அப்பா: முப்பது பாயின்ட் முன்னாடி இருக்கறப்ப எவன் உயிரைக் குடுத்து ஓடுவான்? மூச்சு வாங்க வேண்டாமா?

நான்: மூச்சு வாங்கட்டும் அப்பா. ஆனா கிளிங்கன் உட்கார்ந்தா, இல்ல மனசு கொஞ்சம் தளர்ந்தா, இது வேற டீம். அதைத்தான் கேக்கறேன்.

சித்தப்பா: கேள்வி சரி. நானும் ரெண்டு இடத்துல பல்லைக் கடிச்சேன். பின்னால ஓடி வராம நடந்து வந்தாங்க. ஆனா டிசம்பர்ல சீட்டன் ஹால் மேட்ச்ல இதே கிளிங்கனுக்குக் கால் போய் வாரக்கணக்குல வெளியில உட்கார்ந்தான், மறந்துட்டியா? முப்பது முன்னாடி இருக்கறப்ப ரெண்டு லே-அப் போனா போகட்டும், கால் வீட்டுக்கு முழுசா வரட்டும்.

அப்பா: அந்த சீட்டன் ஹால் தோல்வியை ஞாபகப்படுத்தாதே தம்பி. 75-60. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல.

அம்மா: சாப்பிட்டீங்க.

சித்தி: போதும் மகாஜனங்களே. அங்க நம்ம கனெக்டிகட் பொண்ணுங்க டீம் டியூக்கோட ஆடிட்டிருக்காங்க, இந்தக் குழுவுல ஒரு வார்த்தை இல்ல. ஆண்கள் கப்பு அஞ்சு, பொண்ணுங்க கப்பு பதினொண்ணு. கணக்குப் போடறவங்க இதையும் போட்டு வைங்க.

தம்பி: சித்தி வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க

சித்தி (இரவு 10.12): 53-45. ஜெயிச்சாச்சு.

சித்தி: பாதிப் பொண்ணுங்க காயத்தோட பெஞ்சுல. வாசல்ல நிறுத்த ஏழடி ஆளும் இல்ல. இருக்கற ஏழெட்டுப் பேர் மாறி மாறி ஓடி டியூக்கை 45ல நிறுத்தியிருக்காங்க. டிஃபென்ஸ்னு பாடம் எடுக்கறதுன்னா இதை வெச்சு எடுங்க.

சித்தப்பா: ஒத்துக்கறேன்.

சித்தி: எழுத்துல ஒத்துக்கிட்டார். யாரும் இதை அழிக்க விடாதீங்க.

தம்பி (இரவு 11.16): அலபாமா 89, கிளெம்சன் 82. அடுத்த சனிக்கிழமை நமக்கு அலபாமா. அவங்களுக்கு இதுதான் முதல் ஃபைனல் ஃபோர், அதான் கடைசி நாலு.

அப்பா: காலையில பேசலாம். எனக்குக் குரல் இல்ல.

அம்மா: டைப் பண்றதுக்கு எதுக்குக் குரல்?

2024 மார்ச் 31, ஞாயிறு

அத்தான் (காலை 9.05): இப்ப அனுப்பறேன். வாழ்த்துகள். மனசார.

அப்பா: நன்றி மாப்பிள்ளை. பெரிய மனசு.

அத்தான்: ராத்திரி தூக்கம் வரல, அந்த முப்பதை மறுபடி பாத்தேன். ஒண்ணு கவனிச்சேன். எங்க தப்பு ஒவ்வொண்ணும் அவங்களுக்கு ஓட்டமா மாறியிருக்கு. நாங்க லே-அப் விட்டுட்டுக் கீழ விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் நாலு பேர் ஓடறாங்க. உங்க நியூட்டனோ ஸ்பென்சரோ பந்தை வாங்கிட்டாங்கன்னா திரும்பி வந்து அணிவகுக்கவே நேரமில்ல. எங்க ஆஃபென்ஸ் செத்ததும் டிஃபென்ஸும் கூடவே செத்துச்சு.

சித்தப்பா: அருமை. இதை நான் நேத்து எழுத மறந்துட்டேன். உள்ள மோதறவன் கூடைக்குப் பின்னால கோட்டைத் தாண்டிப் போய் விழறான். அந்த மூணு செகண்ட் நாம அஞ்சு பேர், அவங்க நாலு பேர்.

நான்: அப்ப டிஃபென்ஸ் நல்லா இருந்துச்சா, இல்ல இல்லினாய் சொதப்புச்சா? இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. இந்த வருஷத் தேசியப் போட்டியில நாலு மேட்ச்ல 39, 17, 30, 25 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கோம். போன வருஷம் ஆறும் சேர்த்தா பத்து மேட்ச், பத்துமே ரெட்டை இலக்க வித்தியாசம். நெருக்கடியில கடைசி ரெண்டு நிமிஷம் இந்த டிஃபென்ஸ் எப்படி நிக்கும்னு இந்தப் போட்டியில நாம பாக்கவே இல்ல.

தம்பி: அண்ணா, ஜெயிச்ச மறுநாள் காலையில இப்படி யோசிக்கறவனை என்ன செய்யறது

சித்தப்பா: விடு, நல்ல கேள்வி. என் பதில்: டிஃபென்ஸ் நிஜம், முப்பது நிஜமில்ல. எந்த டிஃபென்ஸும் முப்பதுக்குப் பூஜ்யம்னு பண்ணாது. பதினஞ்சுக்கு நாலுன்னு பண்ணும். மிச்சத்தை எதிராளியோட பிடிவாதமும் அன்னிக்கு விழாத பந்தும் சேர்த்துக் குடுக்கும். நீங்க 25 பாயின்டை வெச்சு எடை போடாதீங்க. முதல் பாதியில 28-23ன்னு இருந்தப்ப, நமக்கே வெளியிலருந்து ஒண்ணும் விழாதப்ப, இந்த டீம் பதறாம நின்னுச்சே, அதை வெச்சு எடை போடுங்க.

அப்பா: எனக்குப் பயம் கிரைட்டன் டீம் மாதிரி ஆளுங்க மேலதான். பிப்ரவரியில அவங்ககிட்ட 85-66ன்னு தோத்தோமே. அன்னிக்கும் கிளிங்கன் இருந்தான், டிராப்தான். அவங்க வெளியில நின்னு மூணு மூணாப் போட்டுட்டே இருந்தாங்க, இவன் கூடைக்கடியில நின்னு வேடிக்கை பாத்தான்.

தம்பி: அலபாமாவும் அதே ரகம்தான் அப்பா. ஓட்ஸ் கோச்சுக்கு ரெண்டே ஷாட்தான் பிடிக்கும், ஒண்ணு மூணு பாயின்ட், ஒண்ணு கூடைக்கடியில. நடுவுல எதுவும் கிடையாது. சியர்ஸ் எங்கிருந்து வேணா போடுவான்.

சித்தி: அப்ப பாதி வழி அடைஞ்சே இருக்குல்ல? கூடைக்கடியில வந்தா கிளிங்கன். மிச்சம் ஒரு வழியை மட்டும் காத்தா போதும்.

சித்தப்பா: அந்த ஒரு வழியே அவங்களுக்குப் போதும்.

அத்தான்: ஆனா அலபாமா டிஃபென்ஸ் ஓட்டை சின்ன மாமா. அவங்க 89 போட்டா 82 விடறாங்க. நார்த் கரோலினாவோட 89-87.

அம்மா: அலபாமாவுல நெட்டையா யாரு இருக்கா?

தம்பி: நெல்சன், ஆறடி பதினோரு அங்குலம். ஆனா அவன் கூடைக்கடியிலயே நிக்க மாட்டான் அம்மா. வெளிய வந்து பந்தை வாங்கித் தட்டிட்டு ஓடி வருவான், மூணும் போடுவான்.

அம்மா: அவன் வெளிய போனா நம்ம பையனும் வெளிய போகணுமே. அப்ப வாசல்ல யாரு?

சித்தப்பா: அண்ணி, அந்த வேலைக்கு உங்களை எடுத்திருக்கலாம். ஒரு வாரம் கோச்சுங்க மண்டையைப் பிச்சுக்கப் போறது இதுக்குத்தான். காஸிலை நெல்சன் மேல விட்டுட்டு கிளிங்கனை, வெளியிலருந்து போடத் தெரியாத எவன் மேலயாவது நிறுத்தலாம். ஆள் உயரம் குறைவுதான், ஆனா காஸிலுக்குக் கால் இருக்கு. இல்ல கிளிங்கனுக்கு மாத்தா இருக்கற ஜான்சனை இறக்கலாம், அவனுக்குக் கால் இன்னும் வேகம்.

அம்மா: இந்த சனிக்கிழமை நான் பக்கத்துல உட்கார மாட்டேன். உள்ளேயிருந்து கேட்டுக்கறேன். நேத்து சோஃபா ஸ்பிரிங் போச்சு.

அப்பா: அது 25-0 சமயத்துல போனது.

அக்கா: இங்க எங்க வீட்டு ஆள் அலபாமாவோட கிளெம்சன் மேட்ச் போட்டுப் பாத்துட்டு நோட்டுல ஏதோ எழுதிட்டிருக்கார்.

தம்பி: அத்தான் யார் பக்கம்?

அத்தான்: நெல்சன் எங்க நிக்கறான்னு குறிச்சு வெக்கறேன். சின்ன மாமாவுக்கு அனுப்பணும்.