மறு: ‘ஆஃப்டர்மார்க்கெட்’ டெயில் லைட், தமிழில்?

நண்பர்களுக்கு வணக்கம். காரின் டெயில் லைட்டை வீட்டிலேயே மாற்றுவதற்கான வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ‘பின்விளக்கு’ பழகிய சொல், சிக்கலில்லை. ‘ஆஃப்டர்மார்க்கெட்’டில்தான் நிற்கிறேன். கார் நிறுவனம் தந்தது அல்ல. வேறொருவர் அதே காருக்குப் பொருந்தும்படி செய்து விற்பது. இப்போதைக்கு ‘பிற்சந்தை விளக்கு’ என்று வைத்திருக்கிறேன். சரியாக வருமா?

---

> பிற்சந்தை விளக்கு

புணர்ச்சி சரி. பிற்பகல், பிற்சேர்க்கை போல. பின்புறம், பின்பக்கம் மட்டும் ஏன் திரியவில்லை என்றால், ‘பின்’ காலத்தைக் குறித்தால் திரியும், இடத்தைக் குறித்தால் இயல்பாக நிற்கும் என்பது என் கணிப்பு. அப்புறம், பின்விளக்கை விட ‘வால்விளக்கு’ அழகில்லையா? வால்வெள்ளி இருக்கிறதே.

---

‘வண்டியின் பிற்பகுதி’ என்கிறோமே ஐயா, அது இடம்தானே?

வால்விளக்கு வேண்டாம். ‘வால்’ என்றால் வெண்மை, தூய்மை என்றும் பொருள். இரண்டாம் குறளின் ‘வாலறிவன்’ தூய அறிவினன். பின்னால் வெள்ளையாக எரிவது ரிவர்ஸ் விளக்குதான். அந்தப் பெயர் அதற்கே பொருந்தும்.

---

மோட்டார் வாகன வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘பிற்சந்தை’ என்றால் பிள்ளைகள் பின்னால் இருக்கும் சந்தை என்றுதான் நினைப்பார்கள். ‘மாற்று விளக்கு’ என்றால் கம்பெனி ஸ்பேரும் அதில் அடங்கிவிடும். ‘போலி’ என்றால் ஏமாற்று வேலை ஆகிவிடும்.

இந்த வேறுபாடு பாதுகாப்பு விஷயம். பழைய பின்விளக்கில் பெரும்பாலும் இரட்டை இழை பல்பு: சாதாரணமாக எரிய 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். தவறாகத் திருப்பிப் போட முடியாதபடி அதன் இரண்டு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். இண்டிகேட்டர் பல்பும் 21 வாட்தான். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். வெளியே வாங்கும் எல்இடி விளக்கு அதில் சிறு பங்குதான் இழுக்கும். பல வண்டிகளில், இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் கருவியான பிளாஷர், ‘பல்பு போய்விட்டது’ என்று எடுத்துக்கொண்டு, இண்டிகேட்டரைப் படபடவென அடிக்க வைக்கும். அதைச் சரிசெய்ய 6 ஓம், 50 வாட் மின்தடையத்தை இண்டிகேட்டருக்குப் பக்க இணைப்பில் போடுவார்கள். எரியும்போது அது கையைச் சுடும் அளவுக்குக் காயும். உலோகத் தகட்டில் திருகித்தான் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ வைத்து டேப் சுற்றினால் உருகிவிடும். இந்த எச்சரிக்கை தன் விளக்குக்கா இல்லையா என்பது படிப்பவருக்கு அந்தப் பெயரிலிருந்தே தெரிய வேண்டும். ‘வெளித்தயாரிப்பு விளக்கு’ என்று போடுங்கள்.

---

‘தயார்’ உருது வழி வந்தது. ‘வெளியாக்க விளக்கு’ என்றால் தமிழாகவும் இருக்கும், சுருக்கமாகவும் இருக்கும்.

---

வெளியாக்கம் என்றதும் புத்தக வெளியீடுதான் நினைவுக்கு வருகிறது. ‘அயலாக்கம்’ என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று படும். தயாரிப்பு தமிழில் ஊறிவிட்ட சொல் ஐயா. கையில் வயரை வைத்துக்கொண்டு படிப்பவர் அகராதி தேடிப் போக மாட்டார்.

---

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி ‘வெளித்தயாரிப்பு விளக்கு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஆஃப்டர்மார்க்கெட் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இண்டிகேட்டர் படபடப்புக்கு ‘மிகைச்சிமிட்டல்’. மின்தடைய எச்சரிக்கையைப் பெட்டி கட்டி முன்னாலேயே வைத்துவிட்டேன்.

---

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் வெளித்தயாரிப்பு என்பது பொருளுக்குத்தான் பெயர். அந்தப் பொருள்கள் விற்கும் சந்தைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நாளை ஒருவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தால் ‘வெளித்தயாரிப்புச் சந்தை’ என்று நீட்டுவாரா? பிற்சந்தையை நான் இன்னும் கைவிடவில்லை.